பாக்கெட்டில் ஊறியும் கிழியாத வைப்ஸ் குழாயில் எப்படிக் கரையும்?

ஈர வைப்ஸ் பாக்கெட் ஒன்றைத் திறந்து மேலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். கிடங்கில், கடை அலமாரியில், அப்புறம் உங்கள் குளியலறையில் என்று பல மாதங்களாக அது ஈரத்தில் ஊறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அத்தனை நாள் ஊறியும் உருவும்போது கிழிவதில்லை. அழுத்தித் துடைத்தாலும் விரல் அதைப் பொத்துக்கொண்டு வெளியே வருவதில்லை. அதே பாக்கெட்டின் மேல் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்றும் அச்சிட்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஈரத்தைத் தாங்கிய அந்தத் துண்டு, கம்மோடுக்குள் விழுந்த சில நிமிடங்களில் இழை இழையாகப் பிரிந்து போய்விடும் என்பதுதான் அந்த வாசகம் தரும் நம்பிக்கை.

ஈரத்தில் கிழியக் கூடாது, ஈரத்தில் கரையவும் வேண்டும். ஒரே பொருளிடம் இந்த இரண்டையும் கேட்கிறோம். வீட்டுக் குழாய்களில் வைப்ஸ் உண்டாக்கும் தொல்லை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பலரும் நினைப்பதுபோல் இது கவனக்குறைவானவர்களின் பிரச்சினை இல்லை. பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்பி, அதன்படியே நடந்தவர்களின் வீட்டிலும் அடைப்பு வருகிறது. அவர்கள் மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாய்லெட் பேப்பர் ஏன் கரைகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். அந்தக் காகிதம் மரக்கூழில் செய்வது. மரக்கூழின் இழைகள் மிகச் சிறியவை, பொதுவாக ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம். ஈரக்கூழைப் பரப்பி உலர்த்தும்போது, பக்கத்துப் பக்கத்து இழைகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பசையோ தையலோ கிடையாது, இந்த மெல்லிய பிணைப்புதான் காகிதத்தைக் காகிதமாக வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிணைப்பைத் தாங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதன்பின் லேசாக அலைத்தாலே போதும், காகிதம் மறுபடி கூழாகிவிடும். டாய்லெட் பேப்பர் கரைவது அதன் குறை இல்லை, அப்படிக் கரையவேண்டும் என்றே அதைத் தயாரிக்கிறார்கள்.

எல்லாக் காகிதமும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் துடைக்கும் பேப்பர் டவலில் ஈரத்திலும் பிரியாமல் இருக்க ஒரு பிசினைச் சேர்த்திருப்பார்கள். முகம் துடைக்கும் டிஷ்யூவிலும் ஓரளவு அது உண்டு. பார்வைக்கு டாய்லெட் பேப்பர் மாதிரியே இருந்தாலும் குழாய்க்குள் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. வைப்ஸ் போடக் கூடாத இடத்தில் இவற்றையும் போடக் கூடாது.

சரி, வைப்ஸுக்கு வருவோம். அது காகிதம் இல்லை, துணி. நெய்யாத துணி. குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் சாதாரண வைப்ஸில் பாலியெஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழைகளும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழைகளும் பெரும்பாலும் கலந்திருக்கும். இந்த இழைகள் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்கும். அவற்றைப் படுக்கையாகப் பரப்பி, மேலிருந்து ஊசி போன்ற நீர்த்தாரைகளை மிக அதிக அழுத்தத்தில் பாய்ச்சுவார்கள். அந்த வேகத்தில் இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும். தலைமுடியில் விழுந்த சிக்கைத் தண்ணீர் ஊற்றி எடுக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும். தண்ணீரின் விசையாலேயே பின்னிய துணியை, குழாயில் ஓடும் கொஞ்சம் தண்ணீர் பிரித்துவிடாது.

‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று விற்பவை இவற்றிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டவை. அதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல தயாரிப்புகளில் பிளாஸ்டிக் இழையே இருக்காது. மரக்கூழோடு, தாவர செல்லுலோஸிலிருந்து செய்த நீளம் குறைந்த இழைகளைச் சேர்த்து, நீர்த்தாரையை மென்மையாகப் பாய்ச்சிப் பின்னுவார்கள். இழை குட்டையாக இருந்தால் பின்னலும் தளர்வாக இருக்கும், அலைத்தால் பிரிந்து வரும் என்பது கணக்கு. இன்னொரு வழியும் உண்டு. உப்பு கலந்த திரவத்தில் கெட்டியாக இருந்து, சாதாரணத் தண்ணீரில் இளகிவிடும் பசையால் இழைகளை ஒட்டுவது. பாக்கெட்டுக்குள் இருக்கும் திரவத்தில் உப்பு இருப்பதால் வைப்ஸ் உறுதியாக இருக்கும், கம்மோடில் விழுந்ததும் உப்பு நீர்த்துப்போய்ப் பசை விட்டுவிடும். தொடக்கத்தில் நான் சொன்ன முரணைத் தீர்க்கப் பொறியாளர்கள் கண்டுபிடித்த புத்திசாலித்தனமான வழி இது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததுதானே? தீரவில்லை. இந்தத் துணிகள் பிரியத்தான் செய்கின்றன, ஆனால் அதற்கு நேரமும் அலைப்பும் வேண்டும். வீட்டுக் குழாயில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் அவைதான்.

ஒரு ஃப்ளஷுக்குப் பின் என்ன நடக்கிறது

கம்மோடைப் பார்த்தால் அகன்ற வாய் தெரியும். அதற்குப் பின்னால், பீங்கானுக்குள்ளேயே ‘எஸ்’ வடிவத்தில் வளைந்து போகும் பாதை நம் கண்ணில் படாது. அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பல மாடல்களில் அந்தப் பாதையின் அகலம் சுமார் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்தான். கம்மோடைத் தாண்டியதும் நான்கு அங்குலக் குழாய். அதன்பின் ஒரு பெண்டு (வளைவுத் துண்டு), கொஞ்சம் படுக்கைக் குழாய், இன்னொரு பெண்டு, மற்ற குளியலறைகளிலிருந்து வரும் குழாய் வந்து சேரும் இணைப்பு, அப்புறம் வெளியே சேம்பர்.

படுக்கைக் குழாயில்தான் கதையே இருக்கிறது. குழாய் போடுகிறவர்கள் அதற்கு வாட்டம் கொடுப்பார்கள். ஒரு அடி நீளத்துக்குக் கால் அங்குலச் சரிவு என்பது பரவலாகச் சொல்லும் அளவு. இந்தச் சரிவில் ஃப்ளஷ் தண்ணீர் குழாயை நிறைத்துக்கொண்டு ஓடுவதில்லை. தொடக்கத்தில் ஓர் அலையாகக் கிளம்புகிறது, சில மீட்டர் போவதற்குள் தட்டையாகிவிடுகிறது. அடியில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் மெல்லிய ஓடையாக நகர்கிறது. அதோடு வந்த திடப்பொருள், தண்ணீர் முன்னே போய்விட்டதும் குழாயின் தரையில் தங்கிவிடுகிறது. அடுத்த ஃப்ளஷ் வந்து இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. இப்படித் தங்கித் தங்கித்தான் கழிவு வீட்டை விட்டு வெளியேறுகிறது. மலமும் டாய்லெட் பேப்பரும் ஒவ்வொரு தங்கலிலும் இன்னும் கொஞ்சம் கரைந்து மெலிந்துவிடுவதால் அடுத்த தள்ளலில் சுலபமாகக் கிளம்பிவிடும். வைப்ஸ் அப்படியில்லை. அது தரையோடு ஒட்டிக்கொண்டு விரித்த துணிபோலப் படுத்துக்கொள்ளும். ஓடை அதன்மேல் வழிந்து போய்விடும்.

குழாய்க்கு வெளியே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்குப் போடலாம். கழிவுக் குழாயில் அழுக்கு தங்காமல் இருக்க, தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடவேண்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கம்மோடிலிருந்து தெருக் குழாய் 20 மீட்டர் தூரம் என்றால், எங்கும் தங்காமல் போகிற பொருளுக்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் வைப்ஸ் பிரியப்போவதில்லை. எனவே வீட்டுக் குழாயின் முழு நீளத்தையும் அது முழுத் துணியாகவே கடக்கிறது. எங்காவது தங்கிவிட்டாலோ, அதைப் பிரித்துவிடும் அளவுக்கு அங்கே அலைப்பு இருப்பதில்லை. அசையாத தண்ணீரில் ஊறிக்கொண்டு கிடப்பது அதற்குப் பழகிய நிலைதானே, பாக்கெட்டிலும் அப்படித்தான் கிடந்தது.

புதிதாகப் போட்ட, உள்ளே வழவழப்பான பிவிசி குழாய் என்றால் பெரும்பாலான சமயம் அது தப்பித்து வெளியேறிவிடும். அதனால்தான் பலர், ‘நான் வருடக்கணக்கில் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லா வீட்டுக் குழாயும் அப்படி இருப்பதில்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயின் உட்புறம் துருப்பிடித்து முட்டு முட்டாகச் சொரசொரத்திருக்கும். களிமண் குழாயின் இணைப்புகளில் ஈரத்தைத் தேடி மர வேர்கள் மயிரிழைபோல நுழைந்திருக்கும். மண் இறங்கிய இடத்தில் குழாய் தொய்ந்து, வாட்டம் கெட்டு, எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒரு குழாயை இன்னொன்றோடு சேர்த்தபோது விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். இவற்றில் எதுவுமே தனியாக அடைப்பை உண்டாக்காது. டாய்லெட் பேப்பர் அந்த வேரைத் தொட்டுக் கிழிந்து போய்விடும். வைப்ஸ் அந்த வேரில் மாட்டிக்கொள்ளும், முள்ளில் சிக்கிய துணியைப் போல.

ஒன்று மாட்டிவிட்டால் போதும். அடுத்து வருவது அதில் சிக்கும், தலைமுடி சுற்றிக்கொள்ளும், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் பின்னிக்கொள்ளும். ஓடும் தண்ணீர் அவற்றை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிடும். இது நடக்க வாரங்களோ மாதங்களோ ஆகும். அதனால்தான் காரணமும் விளைவும் நம் மனதில் சேருவதே இல்லை. அடைப்பு வந்த நாளில் போட்டது எது என்று யோசிப்போம், உண்மையில் அடைப்பின் முதல் துண்டு போன பருவத்தில் போனதாக இருக்கும்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் கம்மோடுகள் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. முன்பு ஒரு ஃப்ளஷுக்கு 13 லிட்டர், அதற்கு மேலும்கூடச் செலவாகும். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கம்மோடுகளுக்கு ஏறக்குறைய 6 லிட்டரை உச்சவரம்பாக்கியது. இன்று பல நாடுகளில் பாதி ஃப்ளஷுக்கு 3 லிட்டர் மட்டும் விடும் வகைதான் சாதாரணம். தண்ணீரைச் சேமிப்பது மிக நல்ல காரியம், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் 3 லிட்டர் தண்ணீர் தள்ளவேண்டியது மலமும் சிறுநீரும் காகிதமும்தான் என்று கணக்கிட்டே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. துணியைத் தள்ளுவது அந்தக் கணக்கில் இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும், எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. பல மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக் கழிவும் ஒரே செங்குத்துக் குழாயில் இறங்கி, கீழே ஒரே படுக்கைக் குழாயில் சேரும். மேல்மாடிகளிலிருந்து போட்ட வைப்ஸ் அந்தக் கீழ்த் திருப்பத்தில் குவியும். அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறி, தான் பார்க்கும் முதல் திறப்பின் வழியாக வெளியே வரும். அந்தத் திறப்பு தரைத்தளத்து வீட்டின் குளியலறைத் தரையாகவோ கம்மோடாகவோ இருக்கும். ஒரு வைப்ஸ்கூடப் பயன்படுத்தாத குடும்பம், ஊரார் கழிவைத் தன் தரையிலிருந்து அள்ளிக்கொண்டிருக்கும். போட்டவருக்கு அது தெரியக்கூட வராது.

அந்தச் சொல்லுக்கு யார் பொருள் கொடுத்தது

‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்பதற்கு எல்லா நாடுகளும் ஏற்ற ஒரே பொருள் இல்லை. நெய்யாத துணித் தொழிலின் இரண்டு சங்கங்கள், அமெரிக்காவின் இண்டாவும் ஐரோப்பாவின் எடானாவும், சேர்ந்து ஒரு வழிகாட்டியை உருவாக்கியிருக்கின்றன. அதன் முக்கியமான சோதனைகளில் ஒன்று இது: தண்ணீர் நிறைந்த ஒரு பெட்டியில் வைப்ஸைப் போட்டு, பெட்டியை இப்படியும் அப்படியுமாகத் தொடர்ந்து ஆட்டவேண்டும். பின்னர் 12.5 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் ஊற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று எடை பார்க்கவேண்டும். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில் மூன்று மணி நேரம் ஆட்டி, கால் பங்குக்கு மேல் இறங்கினால் தேர்ச்சி. 2018இல் வந்த நான்காம் பதிப்பு இதை இறுக்கியது, ஒரு மணி நேரம் ஆட்டி 60 சதவீதம் இறங்கவேண்டும் என்று.

முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த எண்களை வீட்டுக் குழாயின் அரை நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் இடைவிடாத ஆட்டம் எந்த வீட்டுக் குழாயில் கிடைக்கிறது? அப்படி ஆட்டிய பிறகும் 40 சதவீதம் வரை சல்லடை மேலேயே தங்கியிருக்கலாம். கம்மோடையும் வீட்டுக் குழாயையும் தாண்டுகிறதா என்று பார்க்கும் தனிச் சோதனையும் அந்த வழிகாட்டியில் இருக்கிறது. ஆனால் சோதனைக்கூடத்தில் பூட்டிய குழாய் புதியது, வாட்டம் சரியாக உள்ளது, வேரும் துருவும் இல்லாதது.

சாக்கடைகளைப் பராமரிக்கும் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. பல நாட்டு நீர்த்துறைகள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று 2018இல் தனக்கென்று வரையறைகளை வெளியிட்டது, அதில் ஆட்டும் நேரம் அரை மணிதான். பிரிட்டனின் நீர் நிறுவனங்களுக்கான அமைப்பான வாட்டர் யுகே, கடுமையான சோதனையில் தேறியவற்றுக்கு ‘ஃபைன் டு ஃப்ளஷ்’ என்ற முத்திரையை 2019இல் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024இல், அந்த முத்திரையையே கைவிட்டு, எந்த வைப்ஸும் வேண்டாம், குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று மாறிக்கொண்டது. சில வைப்ஸ் போகலாம், சில கூடாது என்று சொன்னால் மக்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது என்பது அந்த முடிவின் சாரம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

கனடாவின் டொரொன்டோவில், அப்போது ரயர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகம் 2019இல் 101 பொருட்களைச் சோதித்தது. அவற்றில் 23 பொருட்கள் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று பெயர் போட்டு விற்பவை. நீர்த்துறைக் கூட்டமைப்பின் அளவுகோலில் அந்த 23இல் ஒன்றுகூடத் தேறவில்லை.

நீதிமன்றத்துக்கும் விஷயம் போனது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், குளியலறை சுத்தம் செய்யும் வைப்ஸை ஃப்ளஷ் செய்யலாம் என்று விற்ற பென்டல் நிறுவனத்துக்கு 2018இல் 7 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. ஆனால் அதே ஆணையம் கிம்பர்லி-கிளார்க் மேல் தொடுத்த வழக்கு 2019இல் தள்ளுபடியானது, மேல்முறையீடும் 2020இல் தோற்றது. அந்த நிறுவனத்தின் வைப்ஸ்தான் அடைப்பை உண்டாக்கியது என்று காட்டப் போதிய சான்று இல்லை என்பது அதில் முக்கியமான புள்ளி. யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு கடினமான உண்மை இருக்கிறது. குழாயிலிருந்து எடுத்த அழுக்குக் கயிற்றில் எந்தத் துண்டு எந்த பாக்கெட்டிலிருந்து வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பிறகு 2022இல் தங்களுக்கென்று ஒரு பொதுத் தர நிர்ணயத்தை வெளியிட்டன.

உற்பத்தியாளர்கள் தரப்பின் வாதத்தையும் சொல்லியாகவேண்டும், அதில் நியாயம் உண்டு. அடைப்புகளில் அகப்படுபவை பெரும்பாலும் ஃப்ளஷ் வகை இல்லை, குழந்தை வைப்ஸும் முகம் துடைக்கும் வைப்ஸும்தான் என்கிறார்கள். பிரிட்டனில் வாட்டர் யுகேக்காக 2017இல் செய்த ஆய்வு, ஆராய்ந்த சாக்கடை அடைப்புப் பொருட்களில் சுமார் 93 சதவீதம் வைப்ஸ் என்று கண்டது, அவை பெரும்பாலும் கம்மோடில் போடவே கூடாதவை. டாய்லெட் பேப்பர் என்று அடையாளம் காண முடிந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆக, குற்றம் முழுவதையும் ஃப்ளஷ் வகையின் தலையில் போட முடியாது.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. இரண்டு வகையும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாக்கெட்டில், ஒரே மாதிரி ஈரத்தோடு இருக்கின்றன. ஒன்றைக் கம்மோடில் போடப் பழகிய கை, அது தீர்ந்த நாளில் மற்றதையும் அங்கேதான் போடும். வீட்டில் உள்ள குழந்தைக்கும் வந்துபோகும் விருந்தாளிக்கும் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்ற சொல் செய்யும் பெரிய கேடு அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

‘மக்கும்’ என்ற இன்னொரு சொல்லும் பாக்கெட்டில் இருக்கும். அதையும் கரைவதையும் பலர் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மக்குவது நுண்ணுயிர்களின் வேலை, அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். கரைவது தண்ணீரின் வேலை, நிமிடங்களில் நடக்கவேண்டியது. பருத்திச் சட்டைகூட மக்கும் பொருள்தான். அதை யாரும் கம்மோடில் போடுவதில்லை.

செப்டிக் டேங்க், பம்ப், கொழுப்பு

தெருச் சாக்கடையோடு இணையாத வீடுகளில் நிலைமை வேறு. செப்டிக் டேங்கில் கனமானது அடியில் சேறாகத் தங்கும், எண்ணெயும் இலேசானதும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த தண்ணீர் வெளியேறும் வாயின் வழியாகப் போகும். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சேற்றை மெல்ல மெல்லக் குறைக்கும். பிளாஸ்டிக் இழை கலந்த வைப்ஸை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. செல்லுலோஸ் வைப்ஸைச் செரிக்க முடியும், ஆனால் போடும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் நடப்பது கடினம். மிதக்கும் துணிகள் வெளிவாயின் தடுப்பிலும், வடிகட்டி இருந்தால் அதிலும் போய் அப்பிக்கொள்ளும். டேங்க் நிறையும் காலம் குறைந்து, அடிக்கடி லாரி வைத்து உறிஞ்சவேண்டி வரும்.

அடித்தளத்தில் கழிப்பறை இருந்து, கழிவை மேலேற்ற பம்ப் வைத்திருக்கும் வீடுகளில் வைப்ஸ் இன்னும் வேகமாகத் தொல்லை தரும். பம்பில் சுழலும் விசிறியில் துணி சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும், சூடேறும், எரிந்தும் போகும். பெரிய அளவில் இதேதான் நகரங்களின் கழிவுநீர் நிலையங்களிலும் நடக்கிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், சுத்திகரிக்காத கழிவுநீர் நிறைந்த கிணற்றில் முக்குளிப்பவர்கள் சுமார் 80, 90 அடி ஆழத்துக்கு இறங்கி, பம்பை அடைத்த வைப்ஸ் மூட்டையைக் கையால் எடுத்தார்கள். ஒன்றும் தெரியாத இருட்டில், தடவித் தடவி. அந்த மனிதர்களை நினைத்தால் ஒரு துண்டைக்கூடக் கம்மோடில் போட மனம் வராது.

அப்புறம் கொழுப்பு. சமையலறைத் தொட்டியில் ஊற்றிய எண்ணெய் குழாயில் குளிர்ந்து உறைவது மட்டும் இல்லை, அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலம் கழிவுநீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி இறுகிவிடுகிறது. கொழுப்பு மட்டும் இருந்தால் சுவரில் படியும், அவ்வளவுதான். வைப்ஸ் இருந்தால் அது கான்கிரீட்டுக்குள் கம்பி போலாகிவிடும். 2017 செப்டம்பரில் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் கண்ட இப்படிப்பட்ட கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. அதன் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வீட்டின் சமையலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் சேரும் இணைப்பில் இதே கட்டி சிறிய அளவில் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

2020 மார்ச்சில் டாய்லெட் பேப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வைப்ஸுக்கு மாறினார்கள். ஃப்ளஷ் செய்யலாம் என்று எழுதியிருந்தாலும் போடாதீர்கள் என்று கலிபோர்னியாவின் நீர்வள வாரியம் அந்த மாதமே எச்சரிக்கை விட்டது.

ஏற்கெனவே போட்டுவிட்டால்

அடைப்பு தொடங்குவதை முன்கூட்டியே கவனிக்க முடியும். ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் வழக்கத்தைவிட உயர்ந்து, பிறகு மெதுவாக இறங்கும். குளிக்கும்போது கம்மோடுக்குள் ‘குளுக் குளுக்’ என்று காற்று குமிழும். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரைவாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஒரு கம்மோடு மட்டும் மெதுவாக இருந்தால் அடைப்பு அதன் வளைவிலேயே இருக்கலாம். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் சேர்ந்து இப்படி நடந்தால் அது பொதுக் குழாயில் இருக்கிறது, அப்போது எந்தக் குழாயிலும் தண்ணீர் விடாமல் பிளம்பரைக் கூப்பிடுவதுதான் நல்லது.

அடைப்பு நீக்கும் காரப் பொடியையோ திரவத்தையோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது கொழுப்பையும் முடியையும் அரிக்கும், வைப்ஸின் இழையை உங்களுக்கு உதவும் வேகத்தில் ஒன்றும் செய்யாது. அடைப்புக்கு முன்னால் சூடான காரத் தண்ணீர் தேங்கி நிற்கும், பீங்கானிலும் குழாயிலும் விரிசல் விழலாம். அதைவிட முக்கியம், பிறகு வந்து குழாயைத் திறக்கிறவரின் முகத்திலும் கையிலும் அது தெறிக்கும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளஞ்சரால் அழுத்திப் பார்க்கலாம், வளைவில் இருக்கும் ஒன்றிரண்டு துண்டுகள் வந்துவிடும். ஆனால் தள்ளுவதைவிட இழுப்பதில் வலுவைக் காட்டுங்கள். தள்ளினால் இரண்டு மீட்டருக்கு அப்பால், கை எட்டாத இடத்தில் போய் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். பிளம்பரிடமும், போட்டது வைப்ஸ் என்று தெளிவாகச் சொல்லவேண்டும். அடைப்பை எடுக்க அவர் குழாய்க்குள் விடும் சுருள்கம்பியின் முனையில் பல வகை உண்டு. குத்தும் முனையை விட்டால் துணிக்கூட்டத்தின் நடுவே ஓட்டை விழும், தண்ணீர் போய்விடும், எல்லாரும் நிம்மதியடைவார்கள், ஆறு வாரத்தில் அடைப்பு திரும்ப வரும். கொக்கி முனையை விட்டால் துணி அதில் சுற்றிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்ததை எண்ணிப் பார்க்கும்போதுதான் எத்தனை மாதமாகச் சேர்ந்தது என்று தெரியும்.

எடுத்த பிறகு, வசதி இருந்தால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வைப்ஸ் காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வேரோ, தொய்வோ, தூக்கிய விளிம்போ அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாவிட்டால் நாளை வேறு ஏதாவது அங்கே மாட்டும்.

வைப்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும், தோல் புண்ணாகி அவதிப்படுகிறவர்களுக்கும், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அது பெரிய உதவி. கம்மோடுக்குப் பக்கத்தில் மூடி போட்ட சிறிய தொட்டி ஒன்று இருந்தால் போதும். கைத்தெளிப்பானோ வேறு தண்ணீர் வசதியோ இருந்தால் பாதித் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். டாய்லெட் பேப்பரைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைப்பதும் பலருக்குப் போதுமானதாக இருக்கிறது, உடனே பயன்படுத்திவிட்டால் அது கிழியாது.

இதை என் வார்த்தைக்காக நம்பவேண்டாம். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் டாய்லெட் பேப்பர் துண்டுகள் சில, மற்றதில் உங்கள் வீட்டு ‘ஃப்ளஷ்’ வைப்ஸ் ஒன்று. இரண்டையும் அரை நிமிடம் மிதமாகக் குலுக்குங்கள், அதுவே குழாய் கொடுக்கும் அலைப்பைவிட அதிகம். பேப்பர் பாட்டில் கலங்கிப் பாலாகிவிடும். மற்றதை அப்படியே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.